விலை போகாததைப் பொறுக்குங்கள்

ஷாம்பு பாக்கெட்டின் மூலை எவ்வளவு பெரியது? சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். குளிக்க இறங்குபவர் படித்துறையில் நின்று பல்லால் கடித்துக் கிழிப்பார். மூலை ஒரு பக்கம் துப்பப்படும். பிழிந்து முடித்த உறை இன்னொரு பக்கம் விழும். உறையைப் பொறுக்கிவிடலாம். மூலையைப் பொறுக்குவதுதான் பெரும்பாடு. ஈர மணலில் மீன் செதிலைப் போல ஒட்டிக்கிடக்கும். கையுறை போட்ட விரலுக்குச் சிக்காது. கையுறையைக் கழற்றினால் நகக்கண்ணில் மணல் ஏறும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிரிக் கரையில் குப்பை பொறுக்கப் போகும் பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். இத்தனை நாளில் என்ன தெரிந்துகொண்டாய் என்று யாராவது கேட்டால், அந்த மூலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

திருச்சி மாவட்டத்தில் ஆற்றை ஒட்டிய பூங்கா அது. பெயர் வேண்டாம்; எந்தக் கரையோரப் பூங்காவின் பெயரைப் போட்டாலும் கதை மாறப்போவதில்லை. நாலு ஊஞ்சல், துருவேறிய சறுக்குமரம், சிமென்ட் பெஞ்சுகள், புங்கமர நிழல். அதைத் தாண்டி இறங்கினால் மணல், அப்புறம் ஆறு. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், கோடை விடுமுறை ஞாயிறு என்றால் கால் வைக்க இடமிருக்காது. கட்டுச்சோற்றைத் தூக்கில் எடுத்துவந்து, தையல் இலையில் போட்டுச் சாப்பிட்டு, இலையை ஓரமாக எறிந்துவிட்டுப் போன கூட்டம்தான் இன்றைக்கும் வருகிறது. எறிகிற கை அதே கைதான். இலை மட்டும் மாறிவிட்டது. அன்று எறிந்ததை ஆடு தின்றது, மீதி மட்கியது. இன்று எறிவது அப்படியே கிடக்கிறது. 'ஜனங்களுக்குப் பொறுப்பு குறைந்துவிட்டது' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். நம் பாட்டனார்களும் எறிந்தவர்கள்தான்.

முதல் நாள் நாங்கள் செய்தது கலப்படமில்லாத மடத்தனம். ஒரே நிறத்தில் பனியன், தலைக்குத் தொப்பி, 'காவிரியைக் காப்போம்' என்று ஒரு பேனர். பேனரே பிளாஸ்டிக்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் பதினோரு சாக்கு நிரம்பியது. வாசலுக்கு அருகில் அடுக்கி வைத்து, பின்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அங்கே வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது அருகில் வந்தார்.

"எல்லாம் சரிங்க சார், மூட்டைய யாரு எடுக்குறது?"

வண்டி வரும் என்றோம். எந்த வண்டி, என்றைக்கு வரும் என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் ஒத்த ஆளு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். நாய்கள் ஏழெட்டுச் சாக்கைக் கிழித்திருந்தன. மாடு ஒன்று, புளியோதரை ஒட்டியிருந்த கவரை அசைபோட்டுக்கொண்டு நின்றது. பூங்கா முழுக்கச் சிதறிக் கிடந்ததைப் பாடுபட்டுப் பொறுக்கி, காற்று ஒரே தள்ளில் ஆற்றுக்குள் கொண்டுபோகும்படி ஓரிடத்தில் குவித்து வைத்திருந்தோம். அதன் பிறகு நாங்கள் தேதி குறிப்பதே, வண்டி வரும் நாளை அந்த மனிதரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான். சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டுவது, எச்சில் ஒட்டியதையும் காய்ந்ததையும் ஒரே சாக்கில் போடாமல் இருப்பது, கண்ணாடிச் சில்லுக்குத் தனியாக ஒரு பழைய பெயிண்ட் வாளி கொண்டுவருவது எல்லாம் அவர் சொல்லித் தந்தவை. வாளி ஏன் என்றால், கண்ணாடியைச் சாக்கில் போட்டால் அதைத் தோளில் தூக்குகிறவரின் முதுகைக் கிழிக்கும். நாங்கள் சாக்கைத் தூக்கி வைத்ததோடு சரி; வண்டியில் ஏற்றுகிறவரைப் பற்றி யோசித்ததே இல்லை.

இரண்டாவது பாடம் இன்னும் சங்கடமானது. மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, இடுப்பில் கோணிப்பை செருகிய ஒரு அம்மா எங்களோடு கூடவே நடந்து வந்தார். பாட்டில் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போடுகிறவர். எங்கள் சாக்கில் பெட் பாட்டில்கள் நிறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கெழமதான் தம்பி எனக்கு நாலு காசு. அன்னிக்குன்னு பாத்து நீங்க வந்து அள்ளிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?"

பதில் இல்லை. சேவை என்று நினைத்து ஒரு கிழவியின் அன்றைய சோற்றில் கைவைத்திருக்கிறோம். பாட்டில்களைக் கொட்டிக் கொடுத்துவிட்டுச் சாக்கைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கொட்டிய பிறகு சாக்கில் அதிகம் மிச்சமில்லை. அதுவரை நாங்கள் பொறுக்கியதில் பெரும்பகுதி, நாங்கள் வராவிட்டாலும் அந்த அம்மா பொறுக்கியிருக்கக்கூடிய பொருள். பாட்டில் பெரிதாக இருக்கிறது, கண்ணில் படுகிறது, குனிந்து எடுக்கச் சுலபம், சாக்கும் சீக்கிரம் நிரம்புகிறது. படத்துக்கும் நன்றாக இருக்கிறது. யாருமே தொடாத உறைகளையும் சாஷேக்களையும் பேப்பர் கப்புகளையும் நாங்களும் தாண்டிப் போயிருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரே விதி: விலை போவதைத் தொடாதே, விலை போகாததைப் பொறுக்கு.

இந்த விதியோடு கரையில் நடந்தால் குப்பை வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பெட் பாட்டில், பீர் டின், அட்டைப் பெட்டி, இரும்புக் கம்பி, தண்ணீர் கேன் இவற்றுக்கெல்லாம் காயலான் கடையில் விலை உண்டு. ஆகவே கேட்பாரும் உண்டு. விழுந்த அன்றோ மறுநாளோ யாராவது எடுத்துவிடுவார்கள். கேட்பாரற்றுக் கிடப்பவை வேறு: சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, ஊறுகாய்ப் பொட்டலம், குழந்தையின் டயபர். சிப்ஸ் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெள்ளிபோல மின்னுவது அலுமினியப் பூச்சு, வெளியே பிளாஸ்டிக், நடுவில் ஒட்டும் பசை. ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். சாஷேயோ, நூற்றுக்கணக்கில் பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறாது. பொறுக்கியே பிழைப்பவருக்கு அதைக் குனிந்து எடுக்கும் நேரம் நஷ்டம்; அவர் எடுக்காததில் ஒரு தப்பும் இல்லை. பேப்பர் கப்பின் பெயரில்தான் பேப்பர் இருக்கிறது. டீ ஒழுகாமல் இருக்க உட்புறம் பூசியிருப்பது பிளாஸ்டிக். எடுத்துப் பார்த்தால் அடியில் காய்ந்த டீயும் அதில் செத்த எறும்பும் இருக்கும்.

அப்புறம் துணி. திதி கொடுத்தவர்கள், தோஷம் கழித்தவர்கள் ஆற்றோடு விட்ட வேட்டியும் சேலையும். பாபநாசத்தில் தாமிரபரணியில் இறங்கித் துணிகளை அள்ளிய தன்னார்வலர்களைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். காவிரிப் படித்துறைகளும் அதற்குக் குறைந்தவை அல்ல. மணலுக்கு மேலே ஒரு சாண் நுனிதான் தெரியும். பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர், மூன்று பேர், ஒருவர் மண்வெட்டியோடு. கடைசியில் தண்ணீரும் சேறும் சேர்ந்து ஒரு ஆள் கனத்துக்கு நைலான் சேலை ஒன்று வெளியே வரும். மட்காத துணியை ஆற்றில் விட்டால் எந்தப் பாவம் கழியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றுக்கு ஒரு பாவம் சேர்வது தெரிகிறது.

எங்கள் சாக்கைத் தரையில் கொட்டினால் தமிழ்நாட்டின் தடை உத்தரவுகள் வரிசையாக வந்து விழும். 2013-இல் தடை செய்யப்பட்ட குட்காவின் உறை. 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் கேரி பை, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய கப், உறிஞ்சுகுழல். நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1-இல் வந்த தடையில் உள்ளவையும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய மஞ்சப்பை இயக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். என் வீட்டிலும் இரண்டு தொங்குகின்றன. ஆனால் மஞ்சப்பையில் எதைப் போட்டு எடுத்துவருகிறோம்? பிஸ்கட் உறையும் ஷாம்பு சாஷேயும் அந்த 14-இல் இல்லை. பையைத் தடுத்துவிட்டு, பைக்குள் இருப்பதை விட்டுவிட்டோம்.

சாஷே விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதனால் கொஞ்சம் பொறுப்பும் உண்டு. ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் யோசனை கடலூரில் பிறந்தது. அங்கிருந்த சின்னி கிருஷ்ணனைத்தான் அதன் தந்தை என்பார்கள். பணக்காரன் வீட்டுக் குளியலறையில் இருக்கும் பொருள் கூலிக்காரன் கைக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் அது, நல்ல எண்ணம். பாட்டில் வாங்க முடியாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஷாம்பு போனது அப்படித்தான். அதை இன்று குறை சொல்வது வயிறு நிறைந்தவன் பேச்சு. ஆனால் உறை எங்கே போகும் என்ற கேள்வியை அன்றும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பின்னால் அதே வழியில் கோடிகளைக் குவித்தவர்களும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கோலி சோடாவை உடைத்துக் குடித்துக்கொள்ளலாம். கோலி சோடா பாட்டில் ரோட்டில் கிடந்து யாராவது பார்த்ததுண்டா? குடித்துவிட்டு நகர்ந்தால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்பார். பாட்டில் அவருடையது, நமக்கு உள்ளே இருப்பது மட்டும்தான். பொருளுக்கு உடையவர் இருந்தால் அது குப்பை ஆவதில்லை. இந்தப் பழைய கணக்கைத்தான் 2022-இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் நீலகிரி டாஸ்மாக் கடைகள் மறுபடி எடுத்தன. காட்டில் உடைந்து கிடந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதாக வழக்கு. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கு, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் 10 ரூபாயைத் திருப்பிக் கொடு. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. கடை ஊழியர்கள் இடமில்லை, ஆளில்லை என்று முறையிட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நேற்றுவரை வீசி உடைக்கப்பட்ட ஒரு பொருள், 10 ரூபாய் ஒட்டியதும் பத்திரமாகக் கைமாறத் தொடங்கியது. ஆயிரம் பேர் காட்டுக்குள் போய்க் கண்ணாடிச் சில்லு பொறுக்கினாலும் இது நடந்திருக்காது.

தன்னார்வலர் என்ற முறையில் இதைச் சொல்லக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. எங்கள் பத்துப் பேரின் உழைப்பைவிட ஒரு பத்து ரூபாய் நாணயம் அதிகம் சாதிக்கும் என்றால், நாங்கள் எதற்கு?

என் பதில் இது: குப்பையில் கைவைத்தவனுக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அந்தத் தகவல்தான் எங்கள் கூலி. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு துப்புரவுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ 2,800 பேர் வந்தார்கள். அதுவரை நடந்த துப்புரவுகளிலிருந்து அதை வேறுபடுத்தியது, பொறுக்கியவர்கள் கையிலிருந்த அட்டை. என்ன கிடைத்தது, எத்தனை கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். இன்று செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைகளிலெல்லாம் நடக்கும் துப்புரவு அந்த அட்டையிலிருந்து வளர்ந்தது. 2017-இல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் தன்னார்வலர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பொறுக்கிய உறைகளை நிறுவனவாரியாகப் பிரித்து அடுக்கி எண்ணினார்கள். எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று ஊர் அறியச் சொன்னார்கள். 'குப்பை போடாதீர்' என்று பொதுமக்களைப் பார்த்தே நீண்டுகொண்டிருந்த விரல் முதல்முறையாக வேறு பக்கம் திரும்பியது.

நாங்களும் எண்ணுகிறோம். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. முதல் தடவை எண்ணியதில் எங்கள் கண்ணைத் திறந்தது பேப்பர் கப்தான். அவ்வளவையும் விட்டெறிந்தது பூங்கா வாசலில் இருந்த ஒரே ஒரு டீக்கடையின் வாடிக்கையாளர்கள். நோட்டைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினோம். அவர் நல்ல மனிதர். "அண்ணே, கிளாஸ் கழுவ ஆள் யாரு போடுறது?" என்றார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடி கிளாஸில் குடித்தால் பழைய விலை, பேப்பர் கப்பில் வேண்டும் என்றால் 2 ரூபாய் அதிகம். பாதிப் பேர் கிளாஸுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கப்பே தடைப் பட்டியலில் இருக்கிறது என்பது தனிக் கதை. அதே கணக்கை மனுவாக எழுதி ஒரு அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறோம். ரசீது கிடைத்தது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

எண்ணிக்கையை யாரிடம் நீட்டுவது? சட்டம் விடை வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே உற்பத்தியாளரும் பிராண்டு உரிமையாளரும் தங்கள் உறைகளைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றன. 2022-இல் இலக்குகளோடு விரிவான நெறிமுறை வந்தது. நடைமுறை வேறு. எங்கோ ஓர் ஆலை இத்தனை டன் மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழ் தரும்; நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக் கணக்கு முடிக்கும். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தச் சந்தை வளர்ந்துவிட்டது. காகிதம் சரியாக இருந்தாலும், காவிரி மணலில் கிடக்கும் இந்த உறையைக் குனிந்து எடுக்க யாரும் வரப்போவதில்லை.

பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வைகை உடைத்துக்கொண்டதும் பாண்டியன், வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்துவிட்டான். யாரும் இல்லாத கிழவி வந்தி, பிட்டு விற்றுப் பிழைத்தவள், அவள் பங்குக்கும் விலக்கு இல்லை. கூலிக்கு ஆள் தேடினாள். வந்தவர் யார் என்பதும், அவர் வேலை பார்க்காமல் ஆடிப் பாடித் தூங்கியதும், பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்ததும் பிற்பாடு. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பங்கீடுதான். ஆற்றங்கரை எல்லாருக்கும் பொது என்று சும்மா விடவில்லை. இன்னாருக்கு இவ்வளவு முழம் என்று கயிறு போட்டு அளந்தார்கள். குடிமராமத்தும் அப்படித்தான். தண்ணீர் பாய்ச்சுகிறவன் வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்ப வேண்டும். அது தர்மமும் அல்ல, தன்னார்வமும் அல்ல, கடமை. 1858-இல் வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணத்தில் அதைச் சட்டமாகவே எழுதி, ஆள் அனுப்பாதவரிடம் பணமாக வசூலிக்கவும் வழி செய்தார்கள். இன்று காவிரிக் கரையில் கயிறு போட்டு அளந்தால், தன் பங்கை அடைக்க ஆள் அனுப்பாத வீடு எது என்று சாக்கைக் கொட்டியவுடன் தெரிந்துவிடும். உறையின் மேலேயே பெயர் அச்சடித்திருக்கிறது.

இவ்வளவு பேசினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. நான் ஞாயிறு காலை குப்பை பொறுக்கினால் அதற்குப் பெயர் சேவை. அந்த ஒத்தை ஆள் வாரம் முழுக்கப் பொறுக்கினால் அதற்குப் பெயர் வேலை. அதுவும் இன்ன சாதிக்காரர் செய்ய வேண்டிய வேலை என்று ஊர் எழுதாமல் எழுதி வைத்திருக்கிற வேலை. எனக்குக் கையுறை, தொப்பி, கைதட்டல். அவருக்குக் கிழிந்த கையுறை. 2020-இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் புதிய பெயர் பெற்றவர்கள்தான், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பூங்காவுக்கு இரண்டாவது ஆள் போட வேண்டிய இடத்தில் இலவசமாகப் பத்துப் பேர் வந்து நின்றால், அந்த இரண்டாவது ஆளை யாரும் போட மாட்டார்கள். ஆகவே எங்கள் மனுவின் முதல் வரி குப்பையைப் பற்றியது அல்ல. இன்னும் ஒரு ஆள் வேண்டும், நிரந்தரமாக வேண்டும் என்பதுதான்.

பெரிய கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஐந்நூறு மாணவர்கள், மூன்று பேருந்து, ஒரு சிறப்பு விருந்தினர், எல்லாருக்கும் டிபன் பொட்டலம், தண்ணீர் பாட்டில். அவர்கள் போன பிறகு அந்தப் பொட்டலத்தை நாங்கள் பொறுக்கியதுண்டு. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். துப்புரவு விழாக்களுக்கும் அது பொருந்தும். கோயில்களில் உழவாரப்பணி செய்யும் குழுக்களைப் பாருங்கள். அப்பர் காலத்துப் பெயர். இன்றும் ஊருக்கு ஒரு குழு உண்டு. இன்ன மாதம் இன்ன கோயில் என்று குறித்துக்கொண்டு, சொந்த மண்வெட்டி, சொந்தச் சாப்பாட்டோடு வருவார்கள், புல்லைச் செதுக்குவார்கள், போய்விடுவார்கள். மறுமாதம் மறுபடி வருவார்கள். இந்த 'மறுபடி' இல்லாத துப்புரவு ஒரு நாள் கூத்து.

எங்கள் பூங்காவில் 'மறுபடி' என்பதற்கு இலக்கணம் வேர்க்கடலை விற்கும் அம்மாதான். சாயங்காலம் கடையை மூடும்போது, தன் தள்ளுவண்டியைச் சுற்றி நாலைந்து கஜம் பெருக்கிவிட்டுத்தான் போவார். தான் விற்ற கடலைப் பொட்டலக் காகிதம் மட்டுமல்ல, அடுத்த கடைக்காரர் விற்ற ஐஸ்கிரீம் கப்பும் சேர்த்து. ஏனம்மா என்று ஒருமுறை கேட்டேன். "நாளைக்கும் நான் இங்கதானே தம்பி நிக்கணும்" என்றார். அவரை யாரும் படம் எடுத்ததில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது ஏட்டு வழக்கம். தண்ணீர் பொய்த்த ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும். மூடியதற்கும் திறப்பதற்கும் இடைப்பட்ட மாதங்களில் திருச்சிக் காவிரியில் பெரும்பகுதி மணல்தான். நடக்கலாம், குனியலாம், பொறுக்கலாம். திறந்துவிட்ட தண்ணீர் மூன்று நாளில் முக்கொம்புக்கு வந்துவிடும். அதன் வேகம் தெரிய வேண்டுமானால், அங்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடப் பகுதியின் 9 மதகுகள் சரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மதகையே பெயர்க்கிற ஆற்றுக்குச் சிப்ஸ் உறை எம்மாத்திரம்? முதல் தண்ணீர் கரையை வழித்துக்கொண்டு கல்லணைக்குப் போகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், பின் கிளை வாய்க்கால், பின் வயல் மடை. வாய்க்காலில் ஏற்கெனவே படர்ந்து நிற்கும் ஆகாயத்தாமரையில் உறைகள் சிக்கி மெத்தைபோல அடைத்துக்கொள்ளும். திருச்சியில் கடித்துத் துப்பிய மூலை, திருத்துறைப்பூண்டி விவசாயியின் நாற்றங்காலில் போய் நிற்கலாம். ராமநாதபுரம் வரை குழாயில் போகும் குடிநீரும் இதே திருச்சிக் காவிரியில் எடுப்பதுதான். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் வந்து பொறுக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆற்றுக்கு உதவுவது தண்ணீர் வருமுன் பொறுக்குவது.

ஆகவே, காவிரி பாயும் எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஜூன் 12-க்கு முன்னால் வரும் இரண்டு ஞாயிறுகளை ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்கு இறங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் மணல் சுடும். ஆளுக்கு ஒரு பழைய சாக்கு, தடித்த கையுறை, காலை மூடிய செருப்பு, சணல், கண்ணாடிக்கு ஒரு வாளி, எண்ணிக் குறிக்க ஒரு நோட்டு. குப்பை வண்டி வரும் நாளை முந்தைய வாரமே அங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேனர் வேண்டாம். பாட்டில் கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்கு ஆள் வரும்.